உதிரும் இலைகளிடம் பாடங் கேட்டவர்

ஹென்றி டேவிட் தோரோ என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் உள்ளத்தில் இரண்டு செய்திகள் தோன்றும். அடிமைமுறைக்குத் துணைபோன அரசுக்குத் தலைவரி கொடுக்க மறுத்து, 1846 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓரிரவு மறியற்சாலையில் இருந்தவர் என்பது ஒன்று. வோல்டன் என்னும் குளக்கரையிலே தம் கையாற் குடிசை அமைத்து, இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் இரண்டு நாளும் தனித்து வாழ்ந்தவர் என்பது மற்றொன்று. அந்த ஓரிரவின் பயனாகப் பிறந்த கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாபிரிக்காவில் இருந்த காலத்திற் படித்து, 1907 இல் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை வாயிலாகப் பரப்பினார். அதனால் அவ்வமெரிக்கர் நமக்கும் அயலார் அல்லராயினர்.

நான் இங்கு எழுதப் புகுவது மூன்றாவது செய்தி. தோரோ வாழ்ந்தது நாற்பத்து நான்கு ஆண்டுகளே. அவருடைய நாட்குறிப்பு ஓர் இலையுதிர்காலத்தில் தொடங்கி, இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் இன்னோர் இலையுதிர்காலத்தில் நின்றுபோயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவர் அண்ணனையும் அக்காளையும் தந்தையையும் இழந்தார், எழுத்துத் துறையிலே தோல்வி கண்டார், நெடுங்காலம் நோயுற்றார். ஆயினும் மரணம் தம் வாயிலில் வந்து நின்றபோது, காண வந்தவர் வியக்கும் அமைதியோடு அதனை எதிர்கொண்டார். அவ்வமைதி எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடை, அவர் கண்ட இலையுதிர்காலங்களில் உள்ளது என்பது என் கருத்து.

கடுங்குளிர் காணாத நமக்கு இலையுதிர்காலம் ஏட்டில் மட்டுமே அறிந்த பருவமாகும். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் அது செப்டெம்பரில் தலைகாட்டி, ஒக்தோபரில் முழுமை எய்தி, நவம்பரில் வெறுங்கிளைகளை விட்டுச் செல்லும். மேப்பிள் மரங்கள் செந்தீயெனச் சிவக்கும். பேர்ச் மரங்கள் பொன்னிறம் பூணும். ஓக் மரங்கள் யாவற்றுக்கும் பிந்திக் கருஞ்சிவப்புறும். பின்னர் யாவும் உதிரும். பகல் குறுகும். மாலை நான்கரை மணிக்கே இருள் சூழும். அப்பருவத்தில் இனந்தெரியாத சோர்வு மனத்தைக் கவ்வுவதாக அந்நாட்டவர் பலர் கூறுவர். பகலொளி குறைவதால் ஏற்படும் அம்மனச்சோர்வை 1984 முதல் மருத்துவர்கள் தனிப் பெயரிட்டு ஆராய்ந்து வருகின்றனர். அத்தகைய பருவத்தையே தோரோ தம் உள்ளத்துக்கு மருந்தாக்கிக் கொண்டார்.

கொன்கோட் தந்த மைந்தர்

பொஸ்டன் நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய இருபது மைல் தொலைவில் உள்ளது கொன்கோட் என்னும் சிற்றூர். சட்பரி, அசபெட் என்னும் இரு சிற்றாறுகள் அங்கே கூடிக் கொன்கோட் ஆறாகின்றன. அவ்வூரில் 1817 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் திகதி தோரோ பிறந்தார். தந்தையார் பென்சில் செய்து விற்பவர். பெரிய செல்வம் இல்லாவிடினும், மைந்தனை ஹாவாட் கல்லூரிக்கு அனுப்பும் ஊக்கம் அக்குடும்பத்துக்கு இருந்தது.

1837 இல் பட்டம் பெற்று ஊர் திரும்பிய இளைஞருக்கு ஊர்ப் பாடசாலையில் ஆசிரியப் பணி கிடைத்தது. மாணவரைப் பிரம்பால் அடித்தே பாடம் நடத்தவேண்டும் எனப் பாடசாலை மேற்பார்வையாளர் ஒருவர் வற்புறுத்தவே, சில வாரங்களுக்குள் அவர் அப்பணியைத் துறந்தார். பொருளாதார நெருக்கடி நிலவிய ஆண்டு அது. கையில் இருந்த வேலையை விடுவதற்குத் துணிவு வேண்டும். அவ்விலையுதிர்காலத்திலேயே, ஒக்தோபர் 22 ஆம் திகதி, அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டோ என அவரை வினவித் தூண்டியவர் அயலில் வாழ்ந்த அறிஞர் எமேர்சன் எனக் கருதப்படுகிறது. எமேர்சன் அவரினும் பதினான்கு வயது மூத்தவர். அதன்பின் வாழ்நாள் முழுதும் அவருக்கு ஆசானும் நண்பருமாக விளங்கினார்.

1838 இல் தோரோ தாமே ஒரு பள்ளியை நடத்தத் தொடங்கினார். அண்ணன் ஜோன் அவரோடு வந்து சேர்ந்தார். அப்பள்ளியிலே பிரம்புக்கு இடமில்லை. மாணவரை வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்று, செடியையும் பறவையையும் நேரிற் காட்டிக் கற்பித்தனர். இன்று நம் ஆசிரியர் கலாசாலைகளில் வெளிக்களக் கல்வி என்று கற்பிக்கப்படுவதை அச்சகோதரர் இருவரும் அன்றே செய்து பார்த்தனர் எனலாம். 1839 ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் இருவரும் தாமே கட்டிய படகிலேறி, கொன்கோட், மெரிமாக் ஆறுகளிற் பயணஞ் செய்தனர். இரு வாரப் பயணம் முடியும் வேளையில் காற்று மாறிற்று. ஓரிரவிற் கோடை கழிந்து மறுநாட் காலையில் இலையுதிர்காலம் பிறந்ததை அவர்கள் உணர்ந்தனர். பிற்காலத்தில் அப்பயணத்தைப் பற்றித் தோரோ எழுதிய நூலின் இறுதிப் பகுதியில் அம்மாற்றமே பேசப்படுகிறது.

அண்ணனை இழந்த தம்பி

1842 ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று ஜோன் தமது சவரக்கத்தியைத் தீட்டும்போது விரல் நுனியைச் சிறிது அறுத்துக்கொண்டார். அற்பக் காயமென்றே யாவரும் எண்ணினர். சில நாட்களில் தாடை இறுகியது, ஏற்புவலி கண்டது. அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. ஜனவரி 11 ஆம் திகதி தம்பியின் கைகளிலேயே ஜோனின் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது இருபத்தாறு.

அதன்பின் நிகழ்ந்தது விந்தையானது. எவ்விதக் காயமும் இல்லாத ஹென்றிக்கும் தாடை இறுகிற்று. அண்ணனிடம் தோன்றிய அறிகுறிகள் யாவும் அவரிடமும் தோன்றின. உடலில் நோயில்லை, துயரமே நோயின் வடிவு கொண்டிருந்தது. வீட்டார் அவரையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சினர். அவர் மெல்ல மீண்டார். ஆயினும் பல வாரங்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. அந்நாட்களிலேயே, ஜனவரி 27 ஆம் திகதி, எமேர்சனின் ஐந்து வயது மகன் செங்காய்ச்சலால் இறந்தான். தோரோ அப்போது எமேர்சனின் இல்லத்தில் வாழ்ந்துவந்தார். அச்சிறுவன் அவருடைய விளையாட்டுத் தோழன்.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவர் எமேர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வயலின் புல்லும் வனத்தின் இலையும் தத்தம் காலம் வந்தபோது, உயிரை ஏற்ற அதே அழகோடு உயிரைத் துறக்கின்றன. அவற்றின் சாவே புது வாழ்வுக்கு விதியாகின்றது. மனிதச் சாவையும் அவ்வாறு நோக்கலாகாதோ என்பது அதன் சாரம். அக்கடிதத்தைத் துயர் தீர்ந்த ஒருவரின் தெளிவாக நான் கொள்ளவில்லை. மகனை இழந்த தந்தைக்கு, அண்ணனை இழந்த இளைஞர், தமக்கும் சேர்த்துத் தேடிய ஆறுதல் அது. அறிவு முந்திச் சென்றுவிட்டது. உள்ளம் பின்னே தங்கி நின்றது. பல ஆண்டுகள் சென்ற பின்னும் ஜோனின் சாவைப் பற்றிப் பேச நேர்ந்தால் அவர் முகம் வெளிறிவிடும் என நண்பர் குறித்துள்ளனர். இயற்கையை நாடினார் துயரத்தை மறந்தார் என்று ஒரு வரியில் எழுதிவிடுவது எளிது. தோரோவின் வாழ்வு அவ்வாறு அமையவில்லை. இருபத்து நான்கு வயதில் எழுத்திற் கண்ட உண்மையைத் தம் வாழ்விலே மெய்ப்பிக்க அவருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

குளக்கரையில்

1845 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி அவர் வோல்டன் குளக்கரையிற் குடியேறினார். நிலம் எமேர்சனுடையது. குடிசைக்கான செலவு இருபத்தெட்டு டொலரும் சில சதமும். உலகை வெறுத்து ஓடிய துறவியாக அவரைச் சிலர் கருதுவர். ஊர் ஒன்றரை மைல் தூரத்திலேயே இருந்தது, அவர் அடிக்கடி ஊருக்குச் சென்று வந்தார், விருந்தினரும் வந்தனர். அங்கே அவர் முதன்மையாகச் செய்த வேலை, அண்ணனோடு சென்ற ஆற்றுப் பயணத்தை நூலாக எழுதியதாகும். குடிசைக்கு அவர் சென்றதன் உட்காரணம் அந்நினைவுக் கடனே என்பது என் துணிபு.

அங்கு அவர் கழித்த இலையுதிர்கால நாட்களை 'வோல்டன்' நூல் விரிவாகக் காட்டுகிறது. செப்டெம்பர் பிறக்குமுன்பே குளத்தின் எதிர்க்கரையில் ஓரிரு மேப்பிள் மரங்கள் சிவந்துவிடும். நாடோறும் ஒரு புதுச் சித்திரத்தை அக்கரை வரைந்து காட்டும். ஒக்தோபரிற் குளவிகள் ஆயிரக்கணக்கில் அவர் குடிசைக்குள் வந்து, குளிர்காலத்தைக் கழிக்க இடந் தேடிச் சன்னலிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டன. அவர் அவற்றை விரட்டவில்லை. பழைய செங்கற்களை வாங்கித் துலக்கிப் புகைபோக்கி கட்டினார்; சுவருக்குச் சுண்ணச்சாந்து பூசினார்; காட்டுத் திராட்சையும் கஷ்கொட்டையும் சேர்த்தார். குளிர் வருமுன் குளவி தன் இல்லம் தேடுகிறது. மனிதனும் தன் இல்லத்தைச் செப்பனிடுகிறான். ஒரே வேலையில் ஈடுபட்ட அயலவராகவே அவர் அக்குளவிகளைக் கண்டார்.

குளிர்காலத்தில் வணிகர் வந்து வோல்டனின் பனிக்கட்டியை அறுத்துச் சென்றனர். அமெரிக்கப் பனிக்கட்டி அந்நாளிற் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கும் சென்றது. சென்னைக் கடற்கரையில் அதற்கெனக் கட்டிய பனிக்கட்டிக் களஞ்சியம் இன்றும் உள்ளது. தாம் காலையிற் பகவத்கீதை படிக்கும் குளத்தின் நீரைச் சென்னையிலும் கல்கத்தாவிலும் வாழ்வோர் அருந்துவர் என எண்ணி அவர் மகிழ்ந்தார்.

1847 செப்டெம்பர் 6 ஆம் திகதி குடிசையை விட்டு நீங்கினார். 1849 இல் ஆற்றுப் பயண நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அக்காள் ஹெலன் சயரோகத்தால் இறந்தார். நூலோ விலைபோகவில்லை. அச்சிட்ட ஆயிரம் பிரதிகளில் எழுநூற்றாறு பிரதிகளை 1853 ஒக்தோபரிற் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அவற்றை அவர் தோளிற் சுமந்து மாடிக்கு ஏற்றினார். தமது நூலகத்தில் இப்பொழுது ஏறக்குறைய தொள்ளாயிரம் நூல்கள் உள என்றும், அவற்றுள் எழுநூறுக்கு மேற்பட்டவை தாமே இயற்றியவை என்றும் நகைச்சுவை தோன்ற அன்று எழுதிவைத்தார். அச்செலவாற் பட்ட கடனை அவர் பல ஆண்டு உழைத்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

நாலு மணி நேர நடை

வோல்டனுக்குப் பின் அவருடைய வாழ்க்கை ஒரு நியமத்தில் அமைந்தது. பென்சில் தொழிலும் நில அளவையும் வயிற்றுக்கு. நாள்தோறும் பிற்பகலில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாத நடை உள்ளத்துக்கு. செடியை அமுக்கி வைக்கப் பழைய இசைப் புத்தகம் ஒன்று கக்கத்தில் இருக்கும். சட்டைப்பையிற் குறிப்பேடு, பென்சில், தூரக்கண்ணாடி, பேனாக்கத்தி, நூற்கயிறு ஆகியன இருக்கும். தொப்பியின் உட்புறத்திலே தளிர்களை வாடாது கொணர ஒரு தட்டு அமைத்திருந்தார். வெளியில் எடுத்த சுருக்கக் குறிப்பை மறுநாட் காலையில் விரித்து எழுதுவார். அவ்வாறு எழுதிய நாட்குறிப்பு ஏறக்குறைய இருபது இலட்சம் சொற்கள் கொண்டது. 1906 இல் அது பதினான்கு தொகுதிகளாக அச்சேறிற்று.

இயற்கையில் ஈடுபடுவதென்றால் மரநிழலில் அமர்ந்து கனவு காண்பது என எண்ணுவோர் இந்நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தல் நன்று. எந்த மேப்பிள் எந்நாளிற் சிவந்தது, எப்பூ எந்நாளில் மலர்ந்தது, குளத்தின் ஆழம் எத்தனை அடி, ஆறு எத்தனை அங்குலம் உயர்ந்தது என்றெல்லாம் அவர் அளந்தும் எண்ணியும் குறித்தார். 1850களில் அவர் எழுதிய பூக்குங் காலக் குறிப்புகளை இந்நூற்றாண்டில் பொஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சட் பிரைமாக் குழுவினர் எடுத்து ஒப்பிட்டு, வெப்பநிலை உயர்வினாற் கொன்கோட்டின் செடிகள் முன்னிலும் முந்திப் பூக்கின்றன எனக் காட்டியுள்ளனர்.

அவருடைய மனநலத்தின் இரகசியம் இவ்வளவெடுப்பிலேயே இருந்தது என நான் கருதுகிறேன். துயருற்ற மனம் தன்னையே சுற்றிச் சுற்றி வரும் இயல்புடையது, செக்குமாடு போன்றது. அதனை அச்சுற்றிலிருந்து அவிழ்த்து, தனக்குப் புறம்பான ஒரு மரத்தின்மீது, அதன் ஓர் இலையின்மீது, இன்று நேற்றினும் எவ்வளவு சிவந்துள்ளது என்னும் ஒரு கேள்வியின்மீது கட்டிவைப்பதே அவர் செய்த சிகிச்சை. 1855 இளவேனிலில் கால்கள் வலுவிழந்து, பல மாதம் நடக்கவும் எழுதவும் இயலாது கிடந்தார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் உடல் தேறத் தொடங்கியதும் படகேறி, ஆற்றில் மிதந்துவரும் மரத்துண்டுகளைச் சேர்க்கத் தலைப்பட்டார். ஆங்கில நண்பர் தொமஸ் சொமொன்லி அன்பளிப்பாக அனுப்பிய நாற்பத்து நான்கு கீழைத்தேய நூல்கள் நவம்பர் 30 ஆம் திகதி வந்து சேர்ந்தன. இருக்குவேதமும் உபநிடதமும் விஷ்ணுபுராணமும் கீதையும் அவற்றுள் அடங்கும். ஆற்று மரத்தாற் செய்த பெட்டகம் அவற்றுக்காக முன்னரே ஆயத்தமாயிருந்தது.

பழுத்த இலை

1859 பெப்ரவரி 3 ஆம் திகதி தந்தையார் மறைந்தார். அருகிருந்து பணிவிடை செய்தவர் மைந்தரே. மூன்று வாரங்கூடக் கழியவில்லை. பெப்ரவரி 22 ஆம் திகதி வூஸ்டர் நகரிலே இலையுதிர்கால நிறங்களைப் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பல ஆண்டுக் குறிப்புகளைத் திரட்டிச் செய்த சொற்பொழிவு அது. நிறம் மாறும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஓரிலையை அதன் செவ்வி குன்றாத நாளில் எடுத்து, வடிவையும் வண்ணத்தையும் வரைந்து ஓர் ஏடு ஆக்கவேண்டும் என்னும் ஆசை அவருக்கு இருந்தது. அவ்வேடு உருப்பெறவில்லை. அதற்கு ஈடாக அமைந்ததே இச்சொற்பொழிவு.

அதன் மையக் கருத்தை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். இலை நிறம் மாறுவதை வாடுதல் என்று உலகோர் கூறுகின்றனர். அது பிழை, கனி பழுப்பது போன்றே இலையும் பழுக்கின்றது, நிறம் அதன் முதிர்ச்சியின் அடையாளம் என்று தோரோ வாதிட்டார். ஆங்கிலங் கேட்போருக்கு அவர் இதனை வாதிட்டு நிறுவ வேண்டியிருந்தது. தமிழரோ பழுத்த இலை என்றும் பழுப்பு என்றும் இயல்பாகவே வழங்குகிறோம். கனிக்கும் இலைக்கும் ஒரே வினையை வழங்கிய நம் முன்னோர் கண்டதை, கடல் கடந்த ஓர் ஊரில் ஒருவர் தனியே நடந்து நடந்து கண்டுபிடித்தார். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது நம் பனைநாட்டுப் பழமொழி. முதுமையைக் கண்டு நகைக்கும் இளமையின் பேதைமையை அது சுட்டும். தோரோ விழும் ஓலையின் பக்கம் நின்று நோக்கினார். உதிர்ந்த இலைகள் எவ்வளவு மென்மையாக மண்ணிற் கிடக்கின்றன, தாம் மண்ணாகி அடுத்த தலைமுறை மரங்களின் வேருக்கு உணவாவதற்கு எவ்வளவு மகிழ்ச்சியோடு இசைகின்றன என்று அவர் வியந்தார். எவ்வாறு இறப்பது என்பதை நமக்குக் கற்பிக்கும் ஆசிரியர் அவையே என்றும், இறவாமை பற்றிப் பெருமை பேசும் மனிதர் அவற்றைப் போல் முதிர்ந்து விழும் நாள் என்று வருமோ என்றும் அவர் ஏங்கினார். 1842 இன் கடிதத்திற் கண்ட கருத்து மீண்டும் வருகின்றது. இம்முறை அதன் பின்னே பதினேழு இலையுதிர்காலங்கள் உள்ளன.

அச்சொற்பொழிவில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊர் ஒவ்வொன்றும் தன் தெருக்களில் நிறம் மாறும் மரங்களை நடவேண்டும் என்றார். அவை மக்களின் மனச்சோர்வையும் மூடநம்பிக்கையையும் அகற்றும். மரங்கள் செறிந்து ஒளிரும் ஊரையும் மரமற்ற வெற்றூரையும் ஒப்பிட்டால், குடியில் மூழ்கியோரையும் குறுகிய மதவெறியரையும் இரண்டாவது ஊரிலேதான் காண்போம் என்பது அவர் வாதம். சற்று மிகைதான். எனினும், மரத்தை மக்களின் மனநலத்தோடு சேர்த்துப் பேசிய அக்குரல் தன் காலத்துக்கு மிக முந்தியது.

இலை பழுப்பது முதிர்ச்சியே என்னும் அவர் கூற்றுக்கு இன்றைய தாவரவியல் ஓரளவு துணை நிற்கின்றது. குளிர் நெருங்குகையில் மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைதரசன் முதலிய சத்துக்களை மீட்டுத் தண்டில் சேமிக்கின்றது. பச்சை நீங்கவே முன்னரே மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகிறது. மேப்பிளின் செந்நிறமோ முன்னர் இருந்ததன்று. அந்தோசயனின் என்னும் அப்பொருளை இலை தன் இறுதி நாட்களிற் புதிதாக ஆக்குகிறது. பின்னர் காம்படியில் ஒரு மெல்லிய படை தோன்றி இலையை மரத்திலிருந்து பிரிக்கின்றது. காற்று பறித்தெறிவதற்கு முன்பே அப்பிரிவு ஒழுங்காக ஆயத்தஞ் செய்யப்பட்டிருக்கிறது.

மர வளையங்களை எண்ணிய நாள்

1860 டிசெம்பர் 3 ஆம் திகதி ஈரமும் குளிரும் மிகுந்த நாள். வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளில் வளையங்களை எண்ணி அவற்றின் வயதைக் கணிக்கத் தோரோ வெளியே சென்றார். தடிமன் பற்றிக்கொண்டது. வீட்டில் இருக்குமாறு பிறர் அறிவுறுத்தியும் கேளாது, ஏற்ற வாக்கைக் காக்க டிசெம்பர் 11 ஆம் திகதி கனெக்டிகட் மாநிலத்து வோட்டர்பரி நகருக்குச் சென்று பேசினார். அவர் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவு அது. பேசிய பொருள் இலையுதிர்கால நிறங்களே. தடிமன் மார்ச்சளியாகி, குடும்பத்தைத் தொடர்ந்துவந்த சயரோகத்தை எழுப்பிவிட்டது.

உலர்ந்த காற்று நலந் தரும் என்ற நம்பிக்கையில் 1861 மே மாதத்தில் மினசோட்டாவரை பயணஞ் செய்தார். ஜூலையில் நலமின்றித் திரும்பினார். செப்டெம்பரில் வோல்டனைக் கடைசி முறையாகக் கண்டார். நவம்பர் 3 ஆம் திகதி நாட்குறிப்பில் இறுதிப் பகுதியை எழுதினார். அப்பகுதியில் நோயைப் பற்றிய புலம்பல் இல்லை, பிரியாவிடையும் இல்லை. முந்திய நாள் பெய்த புயல்மழை புகைவண்டிப் பாதைச் சரளையிற் பதித்த கோடுகளைப் பார்த்து, காற்று எத்திசையிலிருந்து வீசியது என்று கணக்கிட்டிருக்கிறார். உற்றுநோக்குவோர்க்கு அக்குறி தெளிவு. பிறர் காணாது கடந்துவிடுவர் என்னும் கருத்தோடு அந்நாட்குறிப்பு நிற்கின்றது.

அமைதியான இறுதி

குளிர்காலம் முழுதும் அவர் படுக்கையில் இருந்தார். கட்டிலை முன்கூடத்துக்குக் கொணர்ந்தனர். எழுதக் கை வலுவற்றபோது தங்கை சொபியா அவர் சொல்ல எழுதினார். 'அத்திலாந்திக்' திங்களிதழ் கட்டுரைகள் கேட்டிருந்தது. வெளியே பனி மூடிக் கிடக்க, வீட்டினுள்ளே அவர் இலையுதிர்கால நிறங்களைப் பற்றிய சொற்பொழிவைத் திருத்திக் கட்டுரையாக்கி, 1862 பெப்ரவரி 20 ஆம் திகதி அனுப்பிவைத்தார். செந்நிற ஓக் இலை ஒன்றையும் அனுப்பி, அதன் வெளிக்கோட்டை அச்சிடுமாறு வேண்டினார். எவ்வாறு இறப்பது என்பதை இலைகள் கற்பிக்கும் என்ற பகுதியைத் தாம் இறந்துகொண்டிருப்பதை அறிந்த ஒருவர் இருந்து திருத்தினார் என்பதை எண்ணும்போது உள்ளம் உருகுகின்றது. முன்பு கூட்டத்தாருக்குச் சொல்லியதை இப்போது தமக்கே சொல்லவேண்டியிருந்தது. அக்கருத்தை அவர் மாற்றவில்லை.

காண வந்தோர் அவருக்கு ஆறுதல் சொல்ல வந்து, தாமே ஆறுதல் பெற்று மீண்டனர். இறைவனோடு சமாதானஞ் செய்துகொண்டாயா என்று அத்தை வினவியபோது, தாம் அவரோடு சண்டையிட்டதாகத் தமக்குத் தெரியாதே என்றார். மறுவுலகைப் பற்றி நண்பரொருவர் பேச்செடுத்தபோது, ஒரு நேரத்தில் ஓருலகம் போதும் என்றார். 1846 இல் அவரை மறியற்சாலையில் அடைத்த சாம் ஸ்டேப்பிள்ஸ் என்பவரும் வந்தார். ஒரு மணி நேரம் அருகிருந்து சென்ற அவர், இத்துணை மகிழ்ச்சியோடும் அமைதியோடும் இறக்கும் மனிதரைத் தாம் கண்டதில்லை என எமேர்சனிடம் கூறினார். மரணத்தறுவாயில் அறிஞர் கூறும் சான்றினும் அந்தக் காவலரின் சான்று எனக்குப் பெரிதாகப் படுகின்றது. அவருக்குத் தத்துவம் தெரியாது. மனிதர் கலங்கும் விதம் நன்கு தெரியும்.

1862 மே 6 ஆம் திகதி காலை ஒன்பது மணியளவில் அவர் உயிர் நீத்தார். சொபியா ஆற்றுப் பயண நூலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஜோனின் நினைவாக எழுதிய நூலே அவர் செவியில் இறுதியாக ஒலித்தது. இறுதிச்சடங்கில் எமேர்சன் பேசினார். கொன்கோட் பாடசாலைகளின் மேலாளராயிருந்த அல்கொட், பிள்ளைகளும் கலந்துகொள்ளுமாறு பள்ளிகளுக்கு விடுமுறை அளித்தார். பிரம்பெடுக்க மறுத்துப் பாடசாலையை விட்டு வெளியேறிய ஆசிரியருக்கு அவ்வூர்ச் சிறுவர் செய்த மரியாதை அது.

நமக்குரியது

1984 இல் ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒரு முடிவை வெளியிட்டார். பென்சில்வேனியாவின் மருத்துவமனை ஒன்றிற் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற நோயாளரின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். சன்னலூடாக மரங்களைக் காணக்கூடியதாயிருந்தோர், செங்கற் சுவரை நோக்கியிருந்தோரினும் விரைவில் வீடு திரும்பினர். வலிதீர்க்கும் கடுமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அதன்பின் இத்துறையில் ஆய்வுகள் பல பெருகியுள்ளன. பசுமை மனத்துக்கு நல்லது என்பது இன்று மருத்துவரும் கூறும் உண்மை.

ஆயினும் தோரோவின் வாழ்வு அதற்கப்பாலும் ஒன்றைக் கூறுகின்றது. மரத்தைப் பார்ப்பதால் வலி குறையலாம். மரத்தோடு பல்லாண்டு பழகினால், வலியும் இழப்பும் மரணமும் ஒரு பெரிய ஒழுங்கின் பகுதியெனக் காணும் பக்குவம் வாய்க்கலாம். அது ஓரிரு நாள் உலாவில் வருவதன்று. ஜோன் இறந்தபோது தோரோவிடம் அப்பக்குவம் இல்லை; தந்தையார் இறந்தபோது ஓரளவு இருந்தது; தாம் இறக்கும்போது முழுமையாக இருந்தது. ஆண்டுதோறும் அவர் ஒரே ஊரின் ஒரே மரங்களிடம் சென்று, அவை நிறம் மாறுவதையும் உதிர்வதையும் குறித்துவந்தார். இயற்கையைத் தேடி உலகெலாம் அலையவில்லை. பொருள் செலவிடவில்லை. தவறாது சென்றார், உற்றுப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். மாணவரை வகுப்பறைச் சுவருக்கு வெளியே அழைத்துச் செல்லும் வாய்ப்புடைய ஆசிரியர் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதே இது.

அவர் அனுப்பிய கட்டுரை 1862 ஒக்தோபர் இதழில் வெளிவந்தது. அவர் மண்ணுட் சென்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவ்விதழைக் கொன்கோட் மக்கள் கையிலெடுத்த நாட்களில் அவ்வூர்த் தெருக்களின் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றிருக்கும்.